நைலோன் கிற்றாரோடு வயலினும் மிருதங்கமும்: திருகோணமலையில் ஒரு கச்சேரி, ஓர் ஒலிப்பதிவு

கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலையில் இருக்கும் ஒருவர் கிளாசிக்கல் கிற்றார் முறையாகப் படித்தவர், சொந்தமாக இசையும் எழுதுகிறார். ஊரிலுள்ள வயலின், மிருதங்கக் கலைஞர்களோடு ஒரு கச்சேரி செய்து, அதே உருப்படிகளை ஒலிப்பதிவாகவும் வெளியிட நினைக்கிறார். எந்த ராகங்களில் எழுதுவது, மூன்று வாத்தியங்களின் சத்தத்தை எப்படிச் சமப்படுத்துவது, எத்தனை மைக் வேண்டும், எங்கள் கடற்காற்றில் கிற்றாரை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறார்.

மைக்கிலிருந்து தொடங்க வேண்டாம். பெரும்பாலானோர் அங்கேதான் தொடங்குகிறார்கள், பிறகு சுருதி பொருந்தாமல் திண்டாடுகிறார்கள். முதலில் சுருதி, அடுத்தது ராகம், அதன் பிறகு மண்டபம், கடைசியில் மைக். முதல் இரண்டும் சரியாக அமைந்தால் மற்ற இரண்டும் பாதி தாமாகவே சரியாகிவிடும்.

நைலோன் கிற்றாரால் எது முடியாது என்பதை ஒப்புக்கொண்டு எழுதத் தொடங்குவது நல்லது. வீணையில் ஒரே மெட்டில், அதாவது கழுத்திலுள்ள குறுக்குக் கம்பியான ஃபிரெட் ஒன்றில், தந்தியை இழுத்து மூன்று நான்கு சுரம் ஏற முடியும். நைலோன் தந்தியை நடுப்பகுதியில் பக்கவாட்டில் இழுத்தால் ஓர் அரைச்சுரம் வரும், அதற்கு மேல் வராது. மேல் தந்தியில் மீட்டிய சுரம் இரண்டு மூன்று விநாடியில் மங்கிவிடும். ஆகவே தோடி, பைரவி, சஹானா, பேகடா போன்று கமகமே, அதாவது சுரத்தை அசைத்து நெளிப்பதே, உயிரான ராகங்களைக் கிற்றாரில் ஆலாபனை செய்ய முயன்றால் ராகத்தின் எலும்புக்கூடுதான் கேட்கும். அவற்றை வயலினுக்கு விடுங்கள். ஜோன் மக்லாக்லின் 1970களில் எல். சங்கர், சாகீர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்தபோது, ஃபிரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய பலகையும், ஒலித்துளைக்குக் குறுக்கே சுருதித் தந்திகளும் கொண்ட கிற்றாரைத் தனியாகச் செய்வித்தார். அது எஃகுத் தந்தி. கர்நாடக இசையைக் கிற்றாரில் முழுமையாக வாசிக்கும் பிரசன்னா எடுத்துக்கொண்டதும் மின் கிற்றார்தான். நைலோன் தந்தியில் அந்த வழி இல்லை. ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது, நன்றாக வரும். இடக்கை விரலைத் தட்டியும் பறித்தும் எழுப்பும் சுரங்களால் ஸ்புரிதம் என்ற இரட்டைத் தட்டுக் கமகத்தைக் கிட்டத்தட்டக் கொண்டுவரலாம். பெருவிரல் கீழே பாஸ் சுரங்களை வாசிக்க, மூன்று விரல்கள் மேலே ஒரே சுரத்தை மாறி மாறி மீட்டும் டிரெமோலோவால் வயலின் வில்லைப்போல நீண்ட சுரத்தின் மயக்கத்தைத் தரலாம். பராகுவேயின் அகுஸ்தின் பாரியோஸ் இந்த ஒரு நுட்பத்திலேயே எவ்வளவு எழுதினார் என்பது கிளாசிக்கல் கிற்றார் படித்த எவருக்கும் தெரியும்.

இனி முடிந்தது எது என்று பார்ப்போம். இதுதான் இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கிற்றாரின் ஆறு திறந்த தந்திகள் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. மொத்தம் ஐந்தே சுரங்கள். அந்த ஐந்தும் சேர்ந்தால் ஓர் ஔடவ (ஐந்து சுர) ராகம். எந்தத் தந்தியை சட்ஜமாக, அதாவது அடிச்சுரமாக, வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ராகம் மாறும். ஜி சட்ஜமானால் மோகனம். ஏ சட்ஜமானால் மத்தியமாவதி. பி சட்ஜமானால் இந்தோளம். டி சட்ஜமானால் சுத்தசாவேரி. ஈ சட்ஜமானால் சுத்ததன்யாசி. ஒரு தந்தியைக்கூடத் தொடாமல் ஐந்து ராகங்கள் கிற்றாருக்குள்ளேயே இருக்கின்றன. கிரகபேதம் என்று நாம் படிப்பதும், பழந்தமிழில் பண்ணுப்பெயர்த்தல் என்று சொன்னதும் இதைத்தான். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஒருகாலம் ஏற்றிருந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் கணக்குப்போட்டு விளக்கியதும் இதே தத்துவம்தான்: தந்திகளை மாற்றாமல், குரல் எனப்படும் தொடக்கச் சுரம் நிற்கும் இடத்தை மாற்றினால் பண் மாறும். எங்கள் ஊரில் இருந்துகொண்டு கிற்றாருக்கு எழுதுபவர் இந்த வாசலால் உள்ளே போவது மிகப் பொருத்தம்.

நடைமுறையில் இது எப்படி உதவும்? திறந்த தந்திகள் ராகத்துக்குள் இருந்தால் அவை தம்புராபோல அதிர்ந்துகொண்டே இருக்கும். இடக்கை சுதந்திரமாகும். சத்தமும் நிறையும், ஏனென்றால் கிற்றாரில் அதிகம் ஒலிப்பதும் நீண்டு நிற்பதும் திறந்த தந்திதான்.

அடுத்தது சுருதி, அதாவது சட்ஜத்தின் உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஒரு கட்டை சி, இரண்டு டி, ஐந்து ஜி. ஆண் பாடகரோடு என்றால் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண் பாடகரோடு ஐந்து கட்டை அல்லது அதை ஒட்டி வரும். பாட்டு இல்லாமல் வயலினும் மிருதங்கமும் மட்டும் என்றால் முடிவு உங்கள் கையில். இரண்டு கட்டை, அதாவது டி, எடுக்கச் சொல்வேன். ஆறாம் தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கினால் அடிச் சட்ஜம் திறந்த தந்தியாகக் கிடைக்கும். ஐந்தாம் தந்தி பஞ்சமம், நான்காம் தந்தி மீண்டும் சட்ஜம். மூன்றாம் தந்தி சுத்த மத்தியமம், இரண்டாம் தந்தி சதுஸ்ருதி தைவதம், முதல் தந்தி சதுஸ்ருதி ரிஷபம். ஆறு தந்தியும் அப்படியே சுத்தசாவேரி.

கச்சேரி முழுவதையும் ஒரே சுருதியில் வைப்பதற்கு இன்னொரு காரணம் மிருதங்கம். ஒரு மிருதங்கத்தின் சுருதியை அரை, ஒரு கட்டை அளவுக்குத்தான் ஏற்றி இறக்கலாம். ஓர் உருப்படி இரண்டு கட்டையிலும் அடுத்தது ஐந்து கட்டையிலும் என்றால் அவர் இரண்டு மிருதங்கம் கொண்டுவர வேண்டும், இரண்டும் புழுக்கத்தில் இறங்கும், இடையில் கல்லால் தட்டிச் சேர்க்கும் நேரம் வேறு.

இரண்டு கட்டையில் நின்றுகொண்டே வேறு ராகங்களுக்குப் போக ஒரே ஒரு தந்தியை மாற்றினால் போதும். மூன்றாம் தந்தியை ஜியிலிருந்து அரைச்சுரம் இறக்கினால் அது அந்தர காந்தாரமாகும், அப்போது திறந்த தந்திகள் மோகனம். அதற்கு மேல் இரண்டாம் தந்தியையும் ஏக்கு இறக்கினால் அது பஞ்சமமாகி ஹம்சத்வனிக்கு வழிவிடும், நிஷாதத்தை மட்டும் விரலால் பிடிக்க வேண்டும். மூன்றாம் தந்தியை ஜியிலேயே வைத்து இரண்டாம் தந்தியை பியிலிருந்து சிக்கு அரைச்சுரம் ஏற்றினால் மத்தியமாவதி. மூன்று கட்டையில் இந்தோளம் வேண்டுமென்றால் ஆறாம் தந்தியை ஈயிலேயே விட்டு, இரண்டாம் தந்தியை சிக்கு ஏற்றினால் ஆறு தந்தியும் இந்தோளத்தில் நிற்கும். இந்தோளத்தில் பஞ்சமம் இல்லை என்பதால் ஐந்தாம் தந்தி மத்தியமமாக அமைவதும் பொருத்தமாக இருக்கும், தம்புராவையும் அப்படியே மத்தியம சுருதிக்கு மாற்றிவிடுங்கள். பாடகர் இரண்டரைக் கட்டையிலோ ஐந்தரையிலோ நின்றால் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) முதலாம் ஃபிரெட்டில் போடுவது போதும். ஒரு கட்டை மத்தியமாவதிக்கு வழக்கமான சுருதிகூட்டலிலேயே கேப்போவை மூன்றாம் ஃபிரெட்டில் போடலாம், ஐந்தாம் தந்தி சட்ஜமாகிவிடும்.

இதில் இரண்டு இடங்களில் எல்லோரும் வழுக்குவார்கள்.

முதலாவது காந்தாரம். ஃபிரெட்டுகள் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கப்பட்டவை. தம்புராவிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் கிற்றாரின் காந்தாரத்தைவிடத் தாழ்ந்தது, அரைச்சுரத்தை 100 பங்காக எடுத்தால் ஏறத்தாழ 14 பங்கு. பஞ்சமத்தில் வித்தியாசம் 2 பங்குதான், காதில் படாது. காந்தாரத்தில் படும், வயலின்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மோகனத்துக்கு மூன்றாம் தந்தியை இறக்கும்போது ட்யூனர் காட்டும் புள்ளியில் நிற்காமல் தம்புராவோடு சேர்த்துக் காதால் கொஞ்சம் இறக்குங்கள். ஆனால் அந்தத் தந்தியில் ஃபிரெட் பிடித்து வாசிக்கும் சுரங்களும் அதே அளவு தாழும், ஆகவே அதில் காந்தாரத்தைத் தவிர வேறு எதையும் முக்கியமாக எழுதாதீர்கள். தம்புரா பெட்டியின் இரண்டு கட்டையும் உங்கள் ட்யூனரின் டியும் ஒன்றா என்றும் பாருங்கள். நுண்சுருதித் திருகி கொஞ்சம் நகர்ந்திருந்தாலே போதும், ஒத்திகை முழுவதும் குழப்பமாகும்.

இரண்டாவது கோர்ட். சுத்தசாவேரியில் காந்தாரம் இல்லை, ஆகவே சட்ஜத்தின்மேல் மேஜரும் மைனரும் அமையாது. சட்ஜம், பஞ்சமம், ரிஷபம் சேர்த்த திறந்த ஒலிதான் வரும், அது அழகு. ஆனால் மேற்கத்தியப் பழக்கத்தில் கை தானாக ஜி மேஜருக்குப் போகும், அந்த மூன்று சுரங்களும் ராகத்துக்குள்ளேதான் இருக்கின்றன. இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) அதிலேயே நின்றுபாருங்கள்: கேட்பவர் காதில் சட்ஜம் ஜிக்கு நகர்ந்து, சுத்தசாவேரி மோகனமாகிவிடும். சுரம் எதுவும் தவறவில்லை, ராகம் தவறிவிட்டது. தெரிந்துகொண்டு செய்தால் இது அருமையான ஓர் இடம், உருப்படியின் நடுவில் ஒருமுறை வைக்கலாம். தெரியாமல் செய்தால் வயலின் தனியே தவிக்கும்.

தொடக்க உருப்படிக்கு முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுங்கள். சென்னையில் ஆங்கிலேயர் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, கமகமில்லாமல் சங்கராபரணச் சுரங்களில் அவர் சாகித்தியம் எழுதினார். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டுத்தான். இரண்டு மரபுக்கும் ஏற்கெனவே பொதுவாக இருக்கும் உருப்படிகள் இவை, கிற்றாருக்கு இரண்டாம் குரல் எழுதிச் சேர்ப்பதும் எளிது. ஒத்திகையின் முதல் நாளிலேயே மூவரும் சேர்ந்து ஒன்றை முடித்துவிட்ட திருப்தி கிடைக்கும், அது சின்ன விசயமல்ல.

குரல் வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கர்நாடக முறையில் இரண்டு கட்டைக்குச் சுருதி கூட்டிய வயலினின் கீழ்ச் சட்ஜமும் கிற்றாரின் நான்காம் தந்தியும் ஒரே உயரம். இரண்டும் ஒரே இடத்தில் வாசித்தால் வில் வென்றுவிடும், மீட்டொலி காணாமல்போகும். வயலின் மேல் இரண்டு தந்திகளில் இருக்கும்போது கிற்றார் கீழே இருக்கட்டும். வயலின் மந்தரத்துக்கு இறங்கினால் கிற்றார் ஆறாம் தந்தியை மட்டும் தொட்டுவிட்டு ஒதுங்கட்டும், அல்லது பன்னிரண்டாம் ஃபிரெட்டில் மணியோசைபோல ஹார்மோனிக் வைக்கட்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலி கிற்றாரின் தடித்த தந்திகளை மூடும். தொப்பியில் கும்கி என்ற நெளிந்த முழக்கம் விழும் இடங்களில் பாஸ் எழுதாமல் விடுங்கள்.

மிருதங்கத்தின் சத்தத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியில் முழுக்கையாக வாசிக்கும் மிருதங்கத்தின் முன் நைலோன் கிற்றார் நிற்காது. மிருதங்கக் கலைஞரிடம் ‘மெதுவாக வாசியுங்கள்’ என்று மேடையில் கையசைப்பது மரியாதையுமல்ல, பலனுமில்லை. முதல் ஒத்திகையிலேயே பேசி, கிற்றார் முன்னிற்கும் பகுதிகளுக்குக் கஞ்சிராவையோ முகர்சிங்கையோ எடுத்து, வயலின் முன்னிற்கும் பகுதிகளுக்கும் தனிஆவர்த்தனத்துக்கும் மிருதங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். தனிஆவர்த்தனத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். அவருடைய கலை முழுமையாக வெளிப்படும் இடம் அது. அதன் முடிவில் வரும் கோர்வை என்ற கணக்குச் சொற்கட்டின் கடைசிச் சுற்றைக் கிற்றாரும் அதே கணக்கில் வாசித்து எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து சேர்ந்தால், சபையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எழுத்துப்படியை இரண்டு மொழியில் எழுத வேண்டும். கிற்றாருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன், வயலினுக்கு ஸரிகம. இரண்டையும் வேறு வேறு தாளில் எழுதினால் ஒத்திகையில் ‘எந்த இடத்திலிருந்து’ என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகும். ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதி, ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் எண் போடுங்கள். ஆதி தாளத்தின் 8 அட்சரத்தை நான்குநான்காக இரண்டு பட்டையாகவும், மிஸ்ரசாபுவை 3, 2, 2 என்றும், கண்டசாபுவை 2, 3 என்றும் பிரித்து எழுதினால் இரு தரப்புக்கும் புரியும். எடுப்பு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லையென்றால் அதைப் பெரிதாகக் குறியுங்கள். மேற்கத்தியப் பயிற்சி உள்ளவர் கை முதல் அட்சரத்தில் அழுத்தும், அரை இடம் எடுப்பில் அது எல்லாவற்றையும் சாய்த்துவிடும்.

இனி வாத்தியம். திருகோணமலையில் கிற்றாருக்கு இரண்டு எதிரிகள், இரண்டும் காற்று. ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும், வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று. திண்ம மரப்பலகை கொண்ட கிற்றாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. வாடைக் காலத்தில் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், தந்தி உயரும், ஒலி மந்தமாகும். கச்சான் வீசும்போது நேர்மாறு: பலகை வற்றும், தந்தி தாழ்ந்து ஃபிரெட்டில் இரையும், ஃபிரெட் நுனிகள் கையில் குத்தும், தந்தி கட்டும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மரநார் வழியே வெடிப்பும் விழலாம். வாடையைவிடக் கச்சான்தான் ஆபத்து, ஏனென்றால் உப்பிய பலகை திரும்பும், வெடித்த பலகை திரும்பாது. சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் வையுங்கள். கச்சான் காலத்தில் துளையிட்ட சோப்புப் பெட்டிக்குள் பிழிந்த ஈரப் பஞ்சு போதும், நீர் சொட்டக்கூடாது. வாசிக்காத நேரமெல்லாம் பெட்டி மூடியிருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருமணி நேரம்கூட விடாதீர்கள், அந்தச் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் பெயரும்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாம் தந்தி 4 மில்லிமீற்றர், முதல் தந்தி 3 மில்லிமீற்றர் உயரம் என்பது வழமையான அளவு. இரண்டு பருவத்துக்கும் தந்தியைத் தாங்கும் சாடில் எலும்பு இரண்டு செய்துவைத்துக்கொண்டால் பருவம் மாறும்போது மாற்றலாம். கிளாசிக்கல் கிற்றார்களில் பலவற்றில் கழுத்துக் கம்பி கிடையாது என்பதால் இது ஒன்றே வழி. உப்புக்காற்றில் தடித்த தந்திகளின் உலோகச் சுற்று கறுத்து ஒலி செத்துவிடும். ஒலிப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே மேல் மூன்று தந்திகளை மாற்றிவிடுங்கள், நைலோன் இழுபட்டு நிலைக்க நாள் எடுக்கும். கீழ் மூன்றை மூன்று நாளுக்கு முன் மாற்றினால் போதும்.

மண்டபத்துக்கு வருவோம். ஒலிபெருக்கி இல்லாமல் செய்யச் சொல்வேன். நூறு பேருக்குள் என்றால் முடியும். ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் உள்ள பழைய வீட்டு விறாந்தை, சிறிய தேவாலயம், பாடசாலை மண்டபத்தின் ஒரு முனை, இவையெல்லாம் நல்லவை. தகரக் கூரை வேண்டாம், ஒரு தூறல் போதும். நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். தட்டு ‘ட்ரர்ர்’ என்று சுவருக்குச் சுவர் துள்ளினால் ஒரு பக்கச் சுவரில் ஜமுக்காளமோ புற்பாயோ தொங்கவிடுங்கள். ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக மெதுவாகத் தேய்ந்து அடங்கினால் அதைத் தொடாதீர்கள், கிற்றாருக்கு அதைவிட நல்ல ஒலிபெருக்கி இல்லை.

எல்லோரும் மறப்பது ஃபேன். மேல் ஃபேனின் இரைச்சல் மென்மையான வாசிப்பை முழுதாக விழுங்கும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தினால் சனம் எழுந்துபோகும். மாசி, பங்குனி மாலை சிறந்தது: மழை முடிந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. உருப்படிகளுக்கு இடையில் ஃபேனைப் போட்டு, சுருதி சேர்த்து முடிந்ததும் நிறுத்த ஒருவரை அதற்கென்றே வையுங்கள். மஃரிப் பாங்கு முடிந்தபின் தொடங்கி, இஷா பாங்கு நேரத்தை அந்த மாதக் கணக்குப்படி பார்த்து, அதை இடைவேளையாக வைத்துக்கொள்ளுங்கள். அருகில் கோயில் இருந்தால் சாயரட்சைப் பூசை நேரத்தையும் கேட்டறிந்துவிடுங்கள். எங்கள் ஊரில் கச்சேரி நேரத்தை இவற்றைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும், அது மரியாதையும்கூட.

ஒலிபெருக்கி தவிர்க்க முடியாவிட்டால் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். கிற்றாருக்கு மட்டும் ஒரு சிறிய கொண்டென்சர் மைக், 30 முதல் 40 சென்ரிமீற்றர் தள்ளி, ஒலித்துளையை நோக்காமல் பன்னிரண்டாம் ஃபிரெட்டை நோக்கி. துளைக்கு நேரே வைத்தால் உள்ளிருந்து காற்றின் முழக்கம் வந்து எல்லாம் ‘பூம் பூம்’ என்று கேட்கும். ஸ்பீக்கர் ஒன்றை வாசிப்பவருக்குச் சற்று முன்பக்கமாக, மெல்லிய அளவில். ஊளையிடத் தொடங்கினால் முழு ஒலியையும் குறைக்காமல் 100 முதல் 200 ஹேர்ட்ஸுக்குள் தேடி அந்த இடத்தை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மேலும் ஒன்று: வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் மைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மூவரும் போட்டிபோட்டு ஏறுவார்கள்.

நிரலைச் சுருதிகூட்டலின்படி அடுக்குங்கள். நோட்டுஸ்வரமும் சுத்தசாவேரியும் முதலில், ஆறாம் தந்தி டியில். பிறகு மூன்றாம் தந்தியை இறக்கி மோகனம். இடைவேளையில் அதைத் திரும்ப ஏற்றி, இரண்டாம் தந்தியை சிக்கு உயர்த்தி, நேரம் கொடுத்து நிலைக்கவிட்டு, மத்தியமாவதியில் முடியுங்கள். மங்கள ராகம் கடைசியில் வருவது மரபுக்கும் ஒத்துப்போகிறது. நைலோன் தந்தியை இறக்கினால் சில நிமிடத்தில் மெல்ல ஏறும், ஏற்றினால் மெல்ல இறங்கும். வேண்டிய இடத்துக்குக் கீழே இறக்கி, தந்தியை விரலால் இழுத்துவிட்டு, அங்கிருந்து மேலே வந்து நிறுத்தினால் ஓரளவு பிடிக்கும்.

ஒலிப்பதிவு கச்சேரியன்று வேண்டாம், வேறு நாளில், அதே மண்டபத்தில். பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் முறை இந்த இசைக்குப் பொருந்தாது, சுவாசம் தனித்தனியாகிவிடும். நல்ல முன்மாதிரி ஒன்று சொல்கிறேன். அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ரை கூடரும் மோகன வீணைக் கலைஞர் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்த ‘எ மீற்றிங் பை த ரிவர்’ 1992 செப்ரெம்பரில் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் பதியப்பட்டு, 1993இல் வெளிவந்து, கிராமி விருதும் பெற்றது. பதிந்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். ஒரே புள்ளியில் குறுக்காக வைத்த இரண்டு மைக், நல்ல கூடம், வட்டமாக அமர்ந்த கலைஞர்கள். ஜூலியன் பிரீம் தன் புகழ்பெற்ற கிற்றார் பதிவுகளில் பலவற்றை இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள வார்டூர் தேவாலயத்தில் செய்ததும் இதே நம்பிக்கையில்தான்: அறை சரியாக இருந்தால் கருவி குறைவாகவே தேவை.

உங்களுக்கும் இரண்டு மைக் போதும். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் ஒரே வகைக் கார்டியோயிட் கொண்டென்சர் இரண்டு, முனைகளுக்கிடையே 17 சென்ரிமீற்றர், வெளிநோக்கி 110 பாகை விரித்து, 48 வோல்ற் கொடுக்கும் இரண்டு வழி இன்ரர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). அது இல்லாவிட்டால் இரட்டை மைக் உள்ள கையடக்க ரெக்கோடரே முதற்பதிவுக்குப் போதுமானது. கிற்றார் மைக்கிலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர், வயலின் ஒன்றரை, மிருதங்கம் இரண்டரை. கேட்டுப்பார்த்து ஆளை நகர்த்துங்கள், பொத்தானைத் திருக வேண்டாம். மிருதங்கம் அதிகமென்றால் அரை மீற்றர் பின்னுக்கு, கிற்றார் குறைவென்றால் ஒரு சாண் முன்னுக்கு. இந்த வேலைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், பிறகு எல்லோருடைய இடத்தையும் நிலத்தில் டேப் ஒட்டிக் குறியுங்கள். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், உச்சச் சத்தம் கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாமல். தனிஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையை வாசிக்கச் சொல்லி அளவை அதற்குத்தான் வைக்க வேண்டும், கிற்றாருக்கு அல்ல.

நேரம் இரவு ஒன்பதரைக்குப் பின். காகம் அடங்கியிருக்கும், ஓட்டோ ஓட்டம் குறைந்திருக்கும். கடலோரக் கட்டடமென்றால் அலைச்சத்தம் எந்நேரமும் தாழ்ந்த உறுமலாகப் பதியும், 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் கொஞ்சம் போகும், கிற்றாரின் இறக்கிய டி 73 ஹேர்ட்ஸில் இருப்பதால் அதற்கு மேல் வெட்டக்கூடாது. கரண்ட் போனால் ஜெனறேற்றரில் தொடர வேண்டாம், அதன் இரைச்சலும் மின் முனகலும் சேர்ந்து வரும். கணினியும் ரெக்கோடரும் பற்றரியில் ஓடட்டும். நாற்காலி கிரீச்சிடுகிறதா, வேட்டியும் சேலையும் உரசுகிறதா என்று பாருங்கள். தடித்த தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலி பதிவில் இரட்டிப்பாகக் கேட்கும். இடம் மாற்றும்போது விரலைத் தூக்கி வையுங்கள், அல்லது மெருகூட்டிய தந்தி போடுங்கள்.

ஒவ்வோர் உருப்படியையும் மூன்று முறை முழுதாக வாசியுங்கள். கடைசிச் சுரம் அடங்கிய பின்னும் ஐந்து விநாடி யாரும் அசையக்கூடாது. ஒவ்வொரு முறைக்கும் முன் சுருதி பாருங்கள்: ஃபேன் போட்டு நிறுத்திய பின் தந்தியும் மிருதங்கத் தோலும் வேறு வேறு அளவில் மாறியிருக்கும், அப்படி மாறிய இரண்டு பதிவுகளை வெட்டி ஒட்ட முடியாது. வெற்றறையின் அமைதியை முப்பது விநாடி தனியாகப் பதிந்துவையுங்கள், ஒட்டுமிடங்களை மூட உதவும். வெளியிடும்போது சத்தத்தை அழுத்தி உயர்த்தச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். மீட்டொலியின் தொடக்கமும் தேய்வும்தான் இந்த வாத்தியத்தின் முகம், அழுத்தினால் இரண்டும் போய்விடும்.

உரிமை விசயத்தை ஒத்திகைக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். நீங்கள் எழுதிய மெட்டு உங்களுடையது, வயலின்காரர் மனோதர்மமாக வாசித்த ஆலாபனையும் மிருதங்கத்தின் தனியும் அவரவர் ஆக்கம். பதிவின் வருவாயை எப்படிப் பிரிப்பது, இன்னொருவர் அதைப் பயன்படுத்தக் கேட்டால் யார் சம்மதம் வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கட்டும். தீட்சிதரின் உருப்படிகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை, அவர் மறைந்தது 1835இல். பாபநாசம் சிவன் பாடலென்றால் நிலை வேறு: இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு, அவர் மறைந்தது 1973இல். அனுமதி பெறாமல் பதிவில் சேர்க்க வேண்டாம்.

கச்சேரியன்று பெட்டிக்குள் இரண்டு முழுத் தொகுதித் தந்தி இருக்கட்டும், நான்காம் தந்தி மட்டும் கூடுதலாக இரண்டு. முதலில் அறுவது அதுதான், பெரும்பாலும் இரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே சுற்று தேய்ந்த இடத்தில். அன்று காலை அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், கரடுமுரடாகத் தட்டுப்பட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள், மாலைக்குள் ஓரளவு நிலைத்துவிடும்.